பழைய கார் இன்ஜினில் வினோத சத்தம்: இறக்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி இது: 15 வருஷப் பழைய பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்கிறது, சூடானதும் குறைந்துவிடுகிறது. மேடு ஏறும்போது வேறொரு சத்தம் வருகிறது. ஒரு மெக்கானிக், வால்வைத் தட்டித் திறக்கும் டேப்பட் என்கிறார், இன்னொருவர் இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?

இப்போதைக்கு இரண்டு பேர் சொன்னதையும் ஓரமாக வையுங்கள். 'டிக்'கா 'டொக்'கா என்று சத்தத்தின் சாயலை வைத்து முடிவு கட்டப் போனால் குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் ஆளுக்கு ஒரு காது. சத்தம் எப்போது வருகிறது என்பதைப் பிடியுங்கள். குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? நியூட்ரலில் நிற்கும்போதா, லோடு ஏறும்போதா? ரேஸ் கொடுத்தால் அதே தாளத்தில் வேகமாகிறதா, இல்லை அது பாட்டுக்குத் தனியாக ஒலிக்கிறதா? இவற்றுக்கு விடை தெரிந்தால் பெரும்பாலான சந்தேகங்கள் தாமாகவே கழன்றுவிடும். இரண்டு சத்தத்தையும் ஒரே நோயாக நினைக்கவும் வேண்டாம். காலையில் வருவது ஒன்று, மேட்டில் வருவது வேறொன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எதையும் தொடுவதற்கு முன் ஆயில். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 5 நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் அடியில் இருந்தால், சத்தத்தை ஆராய்வதை நிறுத்திவிட்டு முதலில் மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றுங்கள். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். ஆயில் பிரஷரில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் உள்ள இன்ஜினில் அந்தக் காற்று டேப்பட்டுக்குள் போய்விட்டால் அது பஞ்சு போல அமுங்கிச் சத்தம் போடும். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரியவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். பல கார்களில் பிரஷர் சுமார் 0.3 முதல் 0.5 பார் வரை விழுந்த பிறகுதான் அந்த விளக்கே எரியும். அதற்குள் பேரிங் அடி வாங்கியிருக்கும்.

அடுத்தது, சத்தம் இன்ஜினுக்குள் இருக்கிறதா, வெளியே தொங்கும் பாகங்களில் இருக்கிறதா என்று பிரிப்பது. இதற்கு எளிய வழி ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை 30 விநாடி ஓடவிடுவது. சத்தம் நின்றுவிட்டால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டியரிங் பம்ப், டென்ஷனர், ஐட்லர் புல்லி இவற்றில் ஒன்றுதான். ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் வழுக்கிச் சுற்றும். போன பேரிங் மணல் அரைவது போல விரலில் உறுத்தும், அல்லது தட்டிவிட்டால் தடையே இல்லாமல் நெடுநேரம் சுற்றும். வாட்டர் பம்ப் புல்லியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கவே கூடாது. அதன் அடியிலுள்ள சின்னத் துளையில் காய்ந்த கூலண்ட் கறை தெரிந்தால் சீல் போய்விட்டது. பல கார்களில் இந்த பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அதனால் ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படி ஓட்டக் கூடாது. கை வைக்குமுன் சாவியை எடுத்துவிடுங்கள். எலக்ட்ரிக் ஃபேன் இன்ஜின் அணைந்த பிறகும் திடீரென்று சுற்றும்.

பெல்ட்டே கிரீச்சிட்டால், ஓடும்போது அதன் பள்ளங்கள் உள்ள பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். உடனே சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, டென்ஷன் போதவில்லை. சில விநாடி அடங்கி மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை.

இனி உள்ளே. நீண்ட ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்தினால் ஸ்டெதஸ்கோப் வேலையைச் செய்யும். டேப்பட் கவர், முன்பக்க செயின் கவர், பிளாக்கின் நடுப்பகுதி, கீழே ஆயில் தங்கும் சம்ப் என்று வரிசையாக வைத்துக் கேளுங்கள். எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அதன் பக்கத்தில்தான் மூலம். ஆனால் இரும்பு சத்தத்தைக் கடத்தும், ஏமாற்றும். அதனால் இதைத் தடயமாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். காற்றுக் கசிவைத் தேட ஸ்க்ரூ டிரைவர் உதவாது. அரை அங்குல ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து மறுமுனையை, இன்ஜினுக்குக் காற்றும் புகையும் போய்வரும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்ட் ஓரமாக நகர்த்துங்கள். இதையெல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் புகை ஆளைக் கொல்லும். தொளதொளச் சட்டை, தொங்கும் முடி, சங்கிலி எதுவும் வேண்டாம்.

உங்கள் காலை 'டிக் டிக்'குக்கு வருகிறேன். குளிரில் வந்து சூட்டில் குறையும் டிக் என்றதும் எல்லோரும் டேப்பட்டைத்தான் கைகாட்டுவார்கள். நான் முதலில் சந்தேகப்படுவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட்டை, அதாவது புகைக் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்து அடைப்பை. மேனிஃபோல்ட் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுவதால் சில நிமிடத்தில் சத்தம் மறையும், ஆனால் லோடு ஏறினால் எட்டிப் பார்க்கும். ஒரு சிலிண்டரின் புகை, பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு தடவைதான் வெளியேறும். வால்வும் அதே தாளத்தில்தான் திறக்கும். அதனால் காதுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பிரித்துப் பார்க்க: குளிர்ந்த இன்ஜினில் டார்ச் அடித்து மேனிஃபோல்ட் ஹெட்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள், கசிவு இருந்தால் விசிறி போல கரிக்கோடு படிந்திருக்கும். ஸ்டட் ஏதாவது ஒடிந்திருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் தடித்த துணியால் சைலன்சர் முனையை இரண்டு மூன்று விநாடி அடைக்கட்டும். கசியும் இடத்தில் 'உஸ் உஸ்' என்று தெளிவாகக் கேட்கும். முறுக்கம் தளர்ந்த ஸ்பார்க் ப்ளக்கும் இதே சத்தம் போடும், அதன் கிணற்றில் கரி படிந்திருக்கும்.

அது இல்லை என்றால் டேப்பட். ஐடிலில் 800 ஆர்பிஎம் என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 தடவை தட்டும், கிராங்க்கோடு சேர்ந்த சத்தம் 800 தடவை. இதைக் காதால் எண்ண முடியாது, ப்ளக் பொறி விடும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டால் முடியும். முதல் சிலிண்டர் வயரில் மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ப்ளக்குக்கும் முறை வைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டர் உள்ள இன்ஜினில் ஒரு ஃப்ளாஷுக்கு ஒரு டிக் என்றால் வால்வுப் பக்கம், இரண்டு என்றால் கிராங்க் பக்கம். இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள இன்ஜினில் ஃப்ளாஷ் ஒவ்வொரு சுற்றுக்கும் வரும். அங்கே ஒன்றுவிட்டு ஒரு ஃப்ளாஷுக்கு டிக் வந்தால் வால்வு.

வால்வை அழுத்தும் ராக்கர் கையில் ஸ்க்ரூவும் நட்டும் உள்ள இன்ஜின் என்றால், அதற்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியை அளப்பது வீட்டிலேயே முடியும். இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் டேப்பட் கவரைக் கழற்றுங்கள். அளவு மேனுவலில் இருக்கும். பெரும்பாலும் இன்டேக் 0.15 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் அதைவிடச் சற்று அதிகம். 4 சிலிண்டர், 8 வால்வு வரிசை இன்ஜின்கள் பலவற்றில் ஒரு சுலபக் கணக்கு செல்லும்: முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9-லிருந்து கழியுங்கள், வரும் எண்ணுள்ள வால்வை அளக்கலாம். 1 திறந்திருந்தால் 8, 3 திறந்திருந்தால் 6. ஃபீலர் கேஜ் தகடு, கனமான புத்தகத்துக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவுவது போல லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். லாக் நட்டை முறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பிவிடும். அதனால் முறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: சத்தம் போக வேண்டும் என்று அளவைவிட இறுக்கிவிடாதீர்கள். இடைவெளி அதிகமானால் சத்தம் வரும், அவ்வளவுதான். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது, ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல், சூட்டைத் தான் உட்காரும் விளிம்புக்குக் கடத்த முடியாமல் எரிந்து போகும். கொஞ்சம் சத்தம் போடும் டேப்பட், மௌனமான டேப்பட்டைவிட எவ்வளவோ மேல்.

ஹைட்ராலிக் டேப்பட் என்றால் செட்டிங் கிடையாது. ஸ்டார்ட் செய்து சில விநாடி தட்டிவிட்டு அடங்கினால் கவலை இல்லை. நிமிடக் கணக்கில் தட்டினால் ஆயில் கிரேடு, பழைய ஆயில், ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு இல்லாத மலிவு ஃபில்டர் இவற்றைப் பாருங்கள். ஃப்ளஷ் திரவம் ஊற்றும் யோசனையை நான் ஆதரிப்பதில்லை. பல வருஷம் படிந்த கசடு ஒரே நேரத்தில் கழன்று சம்ப்பிலுள்ள சல்லடையை அடைத்தால், டேப்பட் தொல்லை பேரிங் தொல்லையாக மாறும். நல்ல ஆயிலை இரண்டு தடவை சீக்கிரம் சீக்கிரம் மாற்றுவதே பாதுகாப்பு.

ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு விநாடி முன்பக்கத்தில் கடகடவென்று வந்து நின்றால் அது டைமிங் செயின். டென்ஷனரில் பிரஷர் ஏறும்வரை தளர்ந்த செயின் கவரிலும் கைடிலும் அடிக்கிறது. இதைத் தள்ளிப்போட வேண்டாம். செயின் பல் தாண்டினால் பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதும். குளிரில் மட்டும் பிளாக்கின் பக்கத்திலிருந்து வெற்றுப் பானையைத் தட்டுவது போன்ற மந்தமான சத்தம் வந்து சூட்டில் மறைந்தால் அது பிஸ்டன் ஸ்லாப். அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிந்து துவாரத்தை நிறைத்ததும் அடங்கும். ஆயில் குடிக்காதவரை பல வருஷம் ஓடும்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றாக வேலை நிறுத்தம் செய்ய வையுங்கள். இன்ஜெக்‌ஷன் கார் என்றால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுவது நல்லது. ப்ளக் வயரைக் கழற்றினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுவிடும். கார்புரேட்டர் வண்டியில் இன்ஜினை அணைத்து, வயரைக் கழற்றி பாடியோடு எர்த் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு தடவைக்கு 10 விநாடி போதும். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் வெகுவாகக் குறைந்தால் அந்த சிலிண்டரின் பிஸ்டன் அல்லது கனெக்டிங் ராட் பேரிங். மாறாமல் இருந்தால் டேப்பட். குறைவதற்குப் பதில் இரட்டைத் தட்டாக மாறினால் பிஸ்டன் பின். டீசல் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்தும் பழக்கத்தைக் காமன் ரெயில் இன்ஜினில் செய்யவே கூடாது. அங்கே பிரஷர் 1000 பாரைத் தாண்டும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

மேட்டில் வரும் சத்தம் எப்படிப்பட்டது? டப்பாவில் கோலிக்குண்டைக் குலுக்குவது போல, டாப் கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வந்து, கியரைக் குறைத்ததும் நின்றால் அது நாக்கிங். இரும்போடு இரும்பு மோதுவதல்ல, பெட்ரோல் கலவை நேரம் தவறி வெடிப்பது. இக்னிஷன் டைமிங் முன்னேறியிருப்பது, மட்டமான பெட்ரோல், சிலிண்டருக்குள் கரி, கலவையில் பெட்ரோல் குறைவாக இருப்பது, இன்ஜின் சூடேறுவது இவைதான் காரணங்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் உள்ள வண்டியில் அதன் வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் லைட்டில் மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள். விட்டுவிட்டால் பிஸ்டன் ஓட்டையாகும்.

பயப்பட வேண்டிய சத்தம் வேறு. சூடான பிறகே கூடும், சம்ப் பக்கம் கனமாக 'டொக் டொக்' என்று சுத்தியல் போலக் கேட்கும். 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை விடும் தருணத்தில் மிகத் தெளிவாக வரும். அது கனெக்டிங் ராட் கிராங்க்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங். அப்படி இருந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள். சிலிண்டரை நிறுத்தியும் குறையாத, இன்னும் ஆழமான சத்தம் லோடில் வந்தால் கிராங்க்கையே தாங்கும் மெயின் பேரிங்.

ஆனால் இதே சத்தத்தைப் போடும் போலிகள் உண்டு. தளர்ந்த கிராங்க் புல்லி போல்ட், ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் இன்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும், விரிசல் விட்ட ஃப்ளெக்ஸ் பிளேட், தளர்ந்த டார்க் கன்வர்ட்டர் போல்ட் மூன்றும் அச்சு அசல் பேரிங் சத்தம். மேனுவல் கியர் வண்டியில் கிளட்சை மிதித்தால் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங், மிதித்தால் நின்றுபோவது கியர்பாக்ஸ் பேரிங். இவற்றைப் பார்க்காமல் இன்ஜினை இறக்கினால் வீண் செலவு.

பேரிங்தான் என்று நிரூபிக்க ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அங்கே கேஜ் மாட்டுங்கள். சூடான இன்ஜினில் 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது நெடுநாள் கைக்கணக்கு, சரியான அளவு மேனுவலில் இருக்கும். பிறகு பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். ஹேக்ஸா வேண்டாம், அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும், ஃபில்டர் கட்டர் வேண்டும். மடிப்புக் காகிதத்தை வெட்டி எடுத்து, பிழிந்து, வெயிலில் விரித்துச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு, அது பெரும்பாலும் கேம் அல்லது செயின். ஒட்டாத வெள்ளை மினுக்கு அலுமினியம், பெரும்பாலும் பிஸ்டன், சில வண்டிகளில் பேரிங்கே கூட. செம்பு நிறத்தில் பொடிப்பொடியாக மின்னினால் பேரிங்கின் உள்தகடான ஷெல்லின் மேல்பூச்சு தேய்ந்து அடித்தட்டு தெரிய ஆரம்பித்துவிட்டது.

அப்போதும் பல கார்களில் இன்ஜினை இறக்காமல் சம்ப்பை மட்டும் கழற்றிச் சந்தேகமான ராடின் கேப்பைத் திறக்கலாம். பிளாஸ்டிகேஜ் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் இழையை, பேரிங் உட்காரும் கிராங்க் பகுதியான ஜர்னலில் வைத்து, கேப்பைச் சொன்ன டார்க்கில் முறுக்கி, கிராங்க்கைச் சுற்றாமல் திறந்து, நசுங்கிய அகலத்தை அளவுத்தாளோடு ஒப்பிடுங்கள். பேரிங் இடைவெளி பொதுவாக 0.02 முதல் 0.06 மி.மீ. வரை இருக்கும். ஜர்னல் கண்ணாடி போல இருந்து ஷெல் மட்டும் தேய்ந்திருந்தால், எல்லா ராடுகளுக்கும் புது ஷெல், புது ராட் போல்ட் போட்டு மூடலாம். ஜர்னலில் விரல் நகத்தை வைத்து இழுக்கும்போது கீறலில் நகம் சிக்கினால் கிராங்க்கை அரைக்க வேண்டும். அப்போதுதான் இரண்டாவது மெக்கானிக் சொன்னபடி இன்ஜினை இறக்க வேண்டும்.