ஜாம்பிக்கு எதற்கு முன்கதை?

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு முழுநீளப் படத்தின் தொடக்கத்தை மட்டும், பெயர்களோடு சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துத் தர வேண்டும் என்பது இந்தப் பருவத்துக்கான செய்முறைப் பணி. நாங்கள் ஐந்து பேர். ஜாம்பி படம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

2035ஆம் ஆண்டு, ஆய்வகத்திலிருந்து ஒரு கிருமி தப்பிவிடுகிறது. அதைப் பின்னணிக் குரலும் செய்தித் துணுக்குகளும் விளக்குகின்றன. ட்ரோனில் ஆளில்லாத நகரம். நாயகன் மருத்துவமனைக் கட்டிலில் கண் விழிக்கிறான், வெளியே வருகிறான், இருபது ஜாம்பிகள் துரத்துகின்றன. அங்கே தலைப்பு. கையில் இருப்பது எட்டாயிரம் ரூபாய். எங்கள் பேராசிரியர் "ஜாம்பி நம் ஊருக்கு ஒட்டாது, பேய்ப் படமாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார். மாற்ற வேண்டுமா? இல்லையென்றால் இதை எப்படித் திட்டமிடுவது? இரத்தம், ஒப்பனை பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு மாணவர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மாற்ற வேண்டாம். ஆனால் உங்கள் பேராசிரியர் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. அவர் அதை எந்தப் பொருளில் சொன்னாரோ தெரியாது, எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

நம் பேய்க்கு எப்போதும் ஒரு வழக்கு உண்டு. அநியாயமாகக் கொல்லப்பட்டிருக்கும், நிலத்தைப் பறிகொடுத்திருக்கும், காதலித்தவன் கைவிட்டிருப்பான். இடைவேளைக்குப் பிறகு முன்கதை வரும், பேய் தன் தரப்பைச் சொல்லும், நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் பக்கம் சாய்ந்துவிடுவோம். வேதாளம் பிணத்துக்குள் புகுந்தபோதும் கதை சொல்லிக் கேள்வி கேட்காமல் விட்டதில்லை. ஜாம்பியிடம் வழக்கு கிடையாது. நேற்றுவரை உங்களுக்குத் தயிர் உறை கொடுத்த பக்கத்து வீட்டு மாமா இன்று உங்கள் கழுத்தைக் கடிக்க வருகிறார். உங்கள் மேல் அவருக்கு எந்தக் கோபமும் இல்லை. அவரிடம் பேச முடியாது, மன்னிப்புக் கேட்க முடியாது, பரிகாரம் செய்ய முடியாது. அந்தப் பயத்துக்கு எல்லா ஊரும் சொந்த ஊர்தான்.

உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காததும் இங்கேதான் இருக்கிறது. ஜாம்பி படம் எடுக்கக் கிளம்பிவிட்டு, பேய்ப் படத்தின் முன்கதையைத் தூக்கிவந்து முதல் நிமிடத்தில் வைத்திருக்கிறீர்கள். கிருமி, ஆய்வகம், 2035, செய்தி வாசிப்பவர் எல்லாமே "இது ஏன் நடந்தது" என்ற கேள்விக்கான பதில். அந்தக் கேள்வியை யாரும் இன்னும் கேட்கவில்லை. காரணம் தெரிந்தவுடன் பார்வையாளர் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்.

ஜார்ஜ் ரொமேரோவின் "நைட் ஆஃப் தி லிவிங் டெட்" (1968) படத்தின் தொடக்கத்தை ஒலியை நிறுத்திவிட்டு ஒரு முறையும் ஒலியோடு ஒரு முறையும் பாருங்கள். பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் 1,14,000 டாலரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. நாட்டுப்புறச் சாலையில் ஒரு கார் வருகிறது. அண்ணனும் தங்கையும் அப்பாவின் கல்லறைக்கு மலர் வளையம் வைக்க வந்திருக்கிறார்கள். இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று அவன் சலித்துக்கொள்கிறான். ஏதோ கோளாறால் நின்றுபோயிருந்த ஒலிபரப்பு மறுபடி தொடங்குவதாகக் காரின் ரேடியோ சொல்கிறது, இருவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. சின்ன வயதில் பயமுறுத்தியதுபோல அவன் தங்கையைச் சீண்டுகிறான். பின்னால், தூரத்தில், ஒல்லியான ஒரு மனிதர் கல்லறைகளுக்கு நடுவே நடந்து வருகிறார். பகல் வெளிச்சம். அவர் காதில் இந்தக் கிண்டல் விழுந்திருக்குமோ என்று தங்கைதான் கூச்சப்படுகிறாள்.

அவர் பாய்ந்து அவளைப் பிடிக்கும்வரை நமக்குக் கிடைத்தது ஒரு குடும்பச் சலிப்பு மட்டுமே. வெள்ளிக் கோளுக்குப் போய்த் திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சு காரணமாக இருக்கலாம் என்ற பேச்சு படத்தில் வெகுநேரம் கழித்துத் தொலைக்காட்சி வழியாக வருகிறது. அதுவும் ஒரு ஊகம்தான். அதிகாரிகளே தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை. காரணத்தை அவ்வளவு அலட்சியமாக வைத்ததால் அந்தப் படம் கெட்டுப்போய்விடவில்லை.

கொரியப் படமான "ட்ரெய்ன் டு பூசான்" (2016) இன்னும் சிக்கனம். சோதனைச் சாவடியில் ஒரு சிறு லாரியை நிறுத்திக் கிருமிநாசினி தெளிக்கிறார்கள். மறுபடியும் பன்றிகளைப் புதைக்கப் போகிறீர்களா என்று ஓட்டுநர் புலம்புகிறார். ஏதோ சின்னக் கசிவுதான் என்று பதில் வருகிறது. சற்றுத் தூரம் போனதும் கவனம் கைப்பேசிக்குத் திரும்புகிறது, ஒரு மான் அடிபடுகிறது. அவர் எரிச்சலோடு கிளம்பிப் போய்விடுகிறார். ஆளில்லாத சாலையில் மான் உடம்பை முறுக்கி எழுந்து நிற்கிறது, கண் வெளுத்திருக்கிறது. முடிந்தது. மனித ஜாம்பி ஒன்றுகூட இல்லை.

ஆளில்லாத நகரத்தைப் பற்றி. உங்கள் மனதில் இருப்பது "28 டேஸ் லேட்டர்" (2002) படத்தின் லண்டன் என்று நினைக்கிறேன். அது அந்தப் படத்தின் முதல் காட்சியே அல்ல, ஆய்வகக் குரங்குகளுக்குப் பிறகு வருவது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை வெறுமையாகக் காட்ட விடிகாலையில் சில நிமிடங்கள் போக்குவரத்தை நிறுத்திவைத்து எடுத்தார்கள். சட்டென்று வைத்து எடுக்க முடிந்த சிறிய டிஜிட்டல் கேமராக்களைப் பல இடங்களில் வைத்ததால்தான் அது முடிந்தது. அவிநாசி சாலையை உங்களுக்காக யார் நிறுத்துவார்கள்? ட்ரோனுக்கு அனுமதி, வாடகை, பேட்டரி என்று எட்டாயிரமும் வானத்திலேயே கரைந்துவிடும். மருத்துவமனைக் கட்டிலில் கண் விழிப்பதும் அதே படத்தில் இருக்கிறது, பிறகு வந்த தொலைக்காட்சித் தொடர்களிலும் இருக்கிறது. உங்கள் தேர்வாளர் அதைப் பார்த்துக் கொட்டாவி விடுவார். இருபது ஜாம்பிகள் என்றால் இருபது பேருக்கு டிபன் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டாயிரத்துக்குள் அடங்கும் ஒன்றைச் சொல்கிறேன். எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

மூன்று மாடிக் குடியிருப்பு, லிஃப்ட் கிடையாது. காலை ஏழு மணிக்குத் தண்ணீர் கேன் போடும் பையன் தோளில் கேனோடு ஏறுகிறான். முதல் மாடியில் காலிக் கேன் வெளியே இருக்கிறது, மாற்றி வைக்கிறான். இரண்டாவது மாடியிலும் அப்படியே. மூன்றாவது மாடியில் நேற்று வைத்த கேன் மூடிகூடத் திறக்காமல் நிற்கிறது. கதவுப் பிடியில் மாட்டிய பையில் மூன்று நாள் பால் பாக்கெட், ஒன்று உப்பியிருக்கிறது. மணியடிக்கிறான். உள்ளேயிருந்து கதவில் ஏதோ மோதுகிறது. தட்டும் சத்தமாக இல்லை, யாரோ கதவு இருப்பது தெரியாமல் நடந்து வந்து இடித்ததுபோல. "அக்கா, தண்ணி கேன்" என்கிறான். மறுபடி அதே இடத்தில், அதே வேகத்தில் இடி. அவன் கைப்பேசியை எடுக்கும்போது கீழே படிக்கட்டில் யாரோ ஏறி வரும் சத்தம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே இடைவெளி மிக அதிகம். அவன் கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்க்கிறான். திரை இருண்டு தலைப்பு.

இதில் கிருமி எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரியாது. தண்ணீர்க் கேனிலா, பாலிலா என்று பார்ப்பவரே குழம்பட்டும். உங்களுக்குச் செலவில்லை.

இதை எடுக்கும் முறைக்கு வருகிறேன். ஐந்து பேரும் முதலில் கேமரா இல்லாமல் அந்தப் படிக்கட்டுக்குப் போங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் கைப்பேசியில் புகைப்படமாக எடுத்து வரிசையாக ஒட்டினால் அதுதான் ஸ்டோரிபோர்டு, ஓவியம் வரையத் தெரிய வேண்டியதில்லை. இரண்டு நிமிடத்துக்கு இருபது, இருபத்தைந்து ஷாட் தாராளம். பையன் ஏறும்போது திரையில் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். படிக்கட்டில் இது தவறினால், படத்தொகுப்பில் அவன் ஏறுகிறானா இறங்குகிறானா என்று புரியாமல் போய்விடும். மூன்று மாடியிலும் அனுமதி கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். ஒரே மாடியில் மிதியடியை மாற்றி, சுவரில் எண்ணை மாற்றி, வாசலில் ஒரு சைக்கிளையோ துளசித் தொட்டியையோ வைத்தால் மூன்று மாடி கிடைத்துவிடும். படிக்கட்டு ஜன்னலில் வெயில் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கக் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக் காட்சியில் உச்சிவெயில் புகுந்தால் எந்த வண்ணத் திருத்தமும் காப்பாற்றாது.

பணத்தில் பெரும்பகுதியை மைக் வாடகைக்கு ஒதுக்குங்கள். இந்தக் காட்சியில் பயம் முழுவதும் காதில் இருக்கிறது. கதவு இடிபடும் ஒலியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். கையால் தட்டினால் அது விருந்தாளியின் ஒலி. ஒருவர் கைகளைத் தொங்கவிட்டுத் தோளால் கதவில் சாய்ந்து விழட்டும், வித்தியாசம் தெரியும். ஒருவரும் அசையாமல் நின்று படிக்கட்டின் வெறும் நிசப்தத்தையும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களுக்கு நடுவே அதைப் போட்டு நிரப்பாவிட்டால் ஒலி துண்டு துண்டாகக் கேட்கும். வேறு படத்தின் பின்னணி இசையை எடுத்து ஒட்டாதீர்கள். பெயர்களை இருட்டில் போடாமல், அவன் ஏறும் நேரத்திலேயே வெற்றுச் சுவர் இருக்கும் பக்கத்தில் போடுங்கள். அதற்கு இடம் விட்டு ஃப்ரேம் வைக்க வேண்டும் என்பதால் இதையும் எடுப்பதற்கு முன்பே திட்டமிட வேண்டும்.

கீழிருந்து ஏறி வருபவரைக் காட்டியே தீர வேண்டும் என்று உங்களில் ஒருவர் அடம்பிடிப்பார். சரி, காட்டுங்கள், ஆனால் தூரத்தில், மேலிருந்து. கையை முன்னால் நீட்டி உறுமச் சொல்லாதீர்கள், கல்லூரி நாடகமாகிவிடும். "உங்கள் இடது முழங்கால் மடங்காது, நீங்கள் மேலே போக வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் படியோடு போராடுவதே போதும். சட்டைப் பொத்தான்களை ஒரு துளை மாற்றிப் போட்டு, ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தால் ஒப்பனையில் பாதி முடிந்தது.

இரத்தம் கேட்டிருந்தீர்கள். 1968இல் ரொமேரோவின் குழுவினர் சாக்லேட் சிரப்பை ஊற்றினார்கள். கறுப்பு வெள்ளையில் அது இரத்தமாகவே தெரிந்தது. வண்ணத்தில் அது நடக்காது. கெட்டியான சர்க்கரைப் பாகில் சிவப்பு உணவு நிறமி, கூடவே சிறிது கோக்கோ தூள் அல்லது காப்பி டிகாக்ஷன். வெறும் சிவப்பு ரோஸ் மில்க் ஆகிவிடும், பழுப்பு சேர்ந்தால்தான் நம்பிக்கை வரும். முதல் நாளே கேமரா முன் சோதித்துப் பாருங்கள். காயம் வேண்டுமென்றால் திரவ லேடக்ஸும் (தோலில் தடவும் ரப்பர் பால்) கிழித்த டிஷ்யூ காகிதமும் போதும். சிலருக்கு லேடக்ஸ் ஒவ்வாது, எனவே முந்தைய நாள் முன்கையில் ஒரு பொட்டு தடவிப் பார்த்த பிறகே முகத்துக்குப் போங்கள். கறைபடும் ஷாட்டுகளைக் கடைசியில் வையுங்கள், ஒரே மாதிரி சட்டை இரண்டாவது வாங்கி வைத்திருங்கள். என் திட்டத்தில் இரத்தமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இருந்தாலும் நீங்கள் எங்காவது தெளிப்பீர்கள் என்று தெரியும், அதனால் எழுதினேன்.

மாணவர்களும் ஜாம்பியும் என்றால் ஜப்பானின் "ஒன் கட் ஆஃப் தி டெட்" (2017) பார்க்காமல் படப்பிடிப்புக்குப் போகாதீர்கள். ஒரு நடிப்புப் பயிலரங்கிலிருந்து பிறந்து, ஏறத்தாழ முப்பது லட்சம் யென் செலவில் முடிந்த படம். முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். பார்க்கும்போது "என்ன இது, இவ்வளவு மோசமாக இருக்கிறதே" என்று தோன்றும், எழுந்து போய்விடாதீர்கள். அதற்கு மேல் சொல்வது பாவம். திட்டமிடுவது என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடத்தை எந்த வகுப்பறையிலும் நான் கேட்டதில்லை.

குடியிருப்புச் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கல்லூரிக் கடிதத்தோடு அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒரு தகவல் கொடுத்துவையுங்கள். மூன்றாவது மாடிப் பாட்டியிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள், அவருக்கு அறிவிப்புப் பலகையைப் படிக்கும் வழக்கம் இருக்காது. முடிந்ததும் படிகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுங்கள். சர்க்கரைப் பாகு சிந்திய இடத்துக்கு எறும்பு மறுநாளே வந்துவிடும், அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியர்கள் அனுமதி கேட்கப் போகும்போது சங்கச் செயலாளருக்கு அதுதான் நினைவிருக்கும்.