ஜெனீவாவில் நாலு நாள்: எஃப்டியை உடைக்கலாமா, தவணையில் போகலாமா?

கேள்வி: நானும் கணவரும் திருச்சியில் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 1,15,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 32,000, மகளின் மேற்படிப்புக்காக மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி 10,000, எல்லாச் செலவும் போக மாதம் 20,000 மிஞ்சும். தீபாவளிக்கு இருவருக்கும் சேர்த்து 60,000 போனஸ் வரும். 5 லட்சம் எஃப்டியில் இருக்கிறது, சேமிப்புக் கணக்கில் 70,000. மே 24 எங்களுக்கு 20-வது திருமண நாள். ஜெனீவா ஏரிக்கரையில் நாலு நாள் இருந்துவிட்டு வர வேண்டும் என்பது என் பல வருட ஆசை. ஒரு டிராவல் ஏஜென்ட் இருவருக்கும் 6.5 லட்சம் என்கிறார், 24 மாதத் தவணையில் கட்டலாமாம். தவணையில் போகலாமா, எஃப்டியை உடைக்கலாமா, பர்சனல் லோன் எடுக்கலாமா? அலுவலகத்தில் தெரிந்த ஒருவர், விசாவுக்காக யாரிடமாவது வாங்கிக் கணக்கில் 4 லட்சம் போட்டுக் காட்டுங்கள் என்கிறார். அது சரியா?

பதில்: வணக்கம் சகோதரி. இருபது வருடம் குடும்பத்தைச் சுமந்த இரண்டு பேர் நாலு நாள் ஏரிக்கரையில் உட்கார ஆசைப்படுவதை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் இந்த மே மாதம் வேண்டாம், அடுத்த மே மாதம் போங்கள். நீங்கள் கேட்ட மூன்று வழியில் எதுவும் வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் அந்தத் தவணை. வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, ஆண்டுக்கு 16 சதவீதம் என்று வைத்தால் 6.5 லட்சத்துக்கு மாதம் சுமார் 31,800 வரும். அதாவது உங்கள் வீட்டுக் கடன் தவணைக்குச் சமமாக இன்னொரு தவணை, அதுவும் இரண்டு வருடத்துக்கு. இரண்டையும் சேர்த்தால் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒன்றாம் தேதியே போய்விடும். உங்களிடம் மிஞ்சுவதே 20,000தான், மீதி 12,000-க்கு எங்கே போவீர்கள்? மகளின் எஸ்ஐபியை நிறுத்துவீர்கள், வேறு வழி இருக்காது. வட்டி மட்டும் 1,14,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். கிட்டத்தட்ட இரண்டு பேருடைய விமான டிக்கெட் காசு அது. பர்சனல் லோன் என்றாலும் இதே கதைதான், வங்கியின் பெயர் மட்டும்தான் மாறும்.

எஃப்டியைத் தொடவே வேண்டாம். எஸ்ஐபி போக உங்கள் வீடு நடக்க மாதம் 85,000 ஆகிறது. 5 லட்சம் என்பது ஆறு மாதத்துக்குச் சற்று குறைவான செலவுப் பணம், அவ்வளவுதான். ஒருவருக்கு வேலை போனாலோ வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தாலோ கைகொடுக்கப் போவது அது ஒன்றுதான். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை உடைத்துவிட்டுப் போனால் அங்கே ஏரியைப் பார்க்கும்போதுகூட உங்கள் மனம் திருச்சியில்தான் இருக்கும்.

சரி, உண்மையில் எவ்வளவு ஆகும்? 6.5 லட்சம் இல்லை. நீங்களே புக் செய்தால் விமானத்துக்கு ஆளுக்கு 65,000 வையுங்கள் (ஒரு இடத்தில் மாறிப் போகும் விமானம், மூன்று நாலு மாதம் முன்னால் எடுத்தால்), 1,30,000. ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) 90 யூரோ, அதன் மேல் விண்ணப்ப மையத்தின் கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, எல்லாம் சேர்த்து ஆளுக்கு 13,000 என்று 26,000. அங்கே செலவு சுவிஸ் பிராங்கில். கணக்குக்கு ஒரு பிராங்க் 115 ரூபாய் என்று வைக்கிறேன். சுத்தமான சாதாரண ஹோட்டல் ஓர் இரவுக்கு 170 பிராங்க், நாலு இரவுக்கு 680. சாப்பாடு இருவருக்கும் நாளுக்கு 80 வீதம் ஐந்து நாளுக்கு 400. ஒரு நாள் வெளியூர்ப் பயணத்துக்கு 200, சில்லறைச் செலவுக்கு 120. மொத்தம் 1,400 பிராங்க், நம் காசில் 1,61,000. எல்லாம் கூட்டினால் 3,17,000. கை இருப்புக்குப் பத்து சதவீதம் சேர்த்து 3.5 லட்சம் என்று முடித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்து சதவீதத்தைச் சும்மா வைக்கச் சொல்லவில்லை. பிராங்க் நம் ரூபாய்க்கு எதிராக நீண்ட காலமாக ஏறிக்கொண்டே வரும் நாணயம். 2015 ஜனவரி 15 அன்று ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று பிடித்து வைத்திருந்த வரம்பை சுவிஸ் மத்திய வங்கி முன்னறிவிப்பு இல்லாமல் விட்டுவிட்டது, சில நிமிடங்களில் பிராங்க் எகிறியது. அப்படி ஒரு நாள் உங்கள் பயணத்துக்கு முன்னால் வராமலும் போகலாம், வந்தால் தாங்க வேண்டும்.

ஏஜென்ட் விலை ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டால், ஜெனீவாவைப் பொறுத்தவரை அவர் விற்கும் பல விஷயங்கள் அங்கே இலவசம். ஹோட்டலிலோ யூத் ஹாஸ்டலிலோ தங்கினால் தங்கும் நாள் முழுக்க பஸ், டிராம், நகர எல்லைக்குள் ரயில், ஏரியைக் கடக்கும் சின்ன மஞ்சள் படகு எல்லாவற்றுக்கும் ஒரு போக்குவரத்து அட்டை இலவசமாகத் தருகிறார்கள், வருவதற்கு முன்பே ஹோட்டலிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து நகரின் மத்திய ரயில் நிலையமான கார்னவின் ஸ்டேஷனுக்கு ரயிலில் ஏழு நிமிடம். இதற்கு எதற்கு ‘பிக்கப் கார்’? 140 மீட்டர் உயரத்துக்கு நீரைப் பீய்ச்சும் அந்தப் புகழ்பெற்ற ஜெ தோ நீரூற்றைப் பார்க்க டிக்கெட் கிடையாது. 1886-ல் ஒரு நீர்விசை நிலையத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வாகத் தொடங்கியது அது, 1891-ல் ஏரிக்கு மாற்றினார்கள், இன்றைக்கு நொடிக்கு 500 லிட்டர். (பலத்த காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் முதல் நாளே போய்ப் பாருங்கள்.) செயின்ட் பியேர் தேவாலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, கோபுரம் ஏறத்தான் காசு. 18-ம் எண் டிராமின் கடைசி நிறுத்தத்தில் செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வு மையம் இருக்கிறது, அதன் கண்காட்சிக் கூடமும் இலவசம், திங்கள் மட்டும் விடுமுறை. தெருவோரக் குழாய்களில் வரும் தண்ணீரைக் குடிக்கலாம், பாட்டில் மட்டும் கொண்டுபோங்கள்.

காசு கரைவது சாப்பாட்டில். இரவில் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஆளுக்கு 30 பிராங்க் சாதாரணமாகப் போகும். அதே கடைகள் பல மதியத்தில் ‘அன்றைய சாப்பாடு’ என்று ஒரு தட்டு குறைந்த விலைக்குப் போடும், அதை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இரவுக்கு மிக்ரோ, கூப் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி ஏரிக்கரையில் உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், ஸ்டேஷனில் உள்ளவை திறந்திருக்கும். சுவிஸ் நகரங்களில் ஈழத் தமிழர்கள் நடத்தும் கடைகளும் உண்டு, சோறு தேடினால் விசாரியுங்கள்.

வெளியூர் போகும் அந்த ஒரு நாளை மான்ட்ரேவுக்கு வையுங்கள், ரயிலில் ஒரு மணி நேரம், ஏரி கூடவே வரும், பக்கத்திலேயே சியோன் கோட்டை. இந்த ஒரு நாளுக்காக 240 பிராங்குக்கு மேல் கொடுத்து மூன்று நாள் சுவிஸ் டிராவல் பாஸ் வாங்காதீர்கள். தினமும் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்குத்தான் அது லாபம்.

தேதி விஷயத்தில் ஒன்று, இதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். மே மாதத்தின் பின்பாதியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டு மாநாடு ஜெனீவாவில் நடக்கும், ஜூனில் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் மாநாடு. உலகம் முழுவதிலிருந்தும் அதிகாரிகள் வந்து இறங்குவார்கள், ஹோட்டல் வாடகை தாறுமாறாக ஏறும். உங்கள் மே 24 அதற்கு நடுவில் மாட்டுகிறது. மே முதல் பாதியிலோ ஜூன் கடைசியிலோ போங்கள். திருமண நாளைக் கொஞ்சம் முன்பின் கொண்டாடினால் ஒன்றும் குறையாது. அலுவல் ஊர் என்பதால் வாரக் கடைசியில் வாடகை குறையும், வியாழன் இறங்கித் திங்கள் கிளம்பினால் நல்லது.

வாடகையை மிச்சம் பிடிக்க எல்லை தாண்டி பிரான்ஸ் பக்கம் அன்மாஸில் தங்கச் சிலர் சொல்வார்கள். ரயில் இருக்கிறது, வாடகையும் குறைவு, உண்மைதான். ஆனால் அந்த இலவசப் போக்குவரத்து அட்டை கிடைக்காது. அதைவிட முக்கியம், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். சுவிஸ் விசா வாங்கிக்கொண்டு நாலு இரவும் பிரான்ஸில் தங்குவது வம்பு.

இப்போது அந்த 4 லட்சம் விஷயம். செய்யவே செய்யாதீர்கள். என்னிடம் வந்த ஒரு தம்பதி, மைத்துனரிடம் வாங்கி விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் கணக்கில் 3 லட்சம் போட்டார்கள், விசா மறுக்கப்பட்டது. கட்டணம் திரும்ப வராது, மறுக்கப்பட்டது பதிவாகி, அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது அதிகாரிக்குத் தெரியும். அதிகாரி பார்ப்பது கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் இல்லை, அது எப்படி வந்தது என்பதையும்தான். மாதாமாதம் சம்பளம் வந்து, தவணை போய், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கும் கணக்கு, வருமான வரி தாக்கல் செய்த நகல், அலுவலக விடுப்புக் கடிதம், கூடவே உங்கள் எஃப்டி ரசீது, இவை போதும். எஃப்டியை உடைக்காதீர்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இந்த ஜனவரி சம்பளத்திலிருந்தே உங்கள் வங்கியில் மாதம் 20,000-க்கு ஒரு வருட ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். ஷேர் மார்க்கெட் பக்கம் இந்தப் பணம் போகக் கூடாது, ஒரு வருடத்தில் தேவைப்படுகிற காசு அது. ஆர்டியில் 2.4 லட்சம், கையிலிருக்கும் 70,000, தீபாவளி போனஸ் 60,000, அடுத்த ஜனவரியில் உங்களிடம் 3.7 லட்சமும் கொஞ்சம் வட்டியும் இருக்கும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், கோடை சீசனில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம் என்பதால் ஜனவரியிலேயே பார்த்துவிடுங்கள். விசா கைக்கு வரும்வரை கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய ஹோட்டலை மட்டும் புக் செய்யுங்கள், டிக்கெட்டும் அப்படியே. டிக்கெட், ஹோட்டல் இரண்டையும் தனித்தனியாக வாங்கினால் டூர் பேக்கேஜுக்கு விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் வரியும் இல்லை (அது வருமான வரியில் கழித்துக்கொள்ளக் கூடியதுதான், ஆனால் அதுவரை காசு முடங்கும்).

பணம் கொண்டுபோவதில் எல்லோரும் செய்யும் தவறு, ஐரோப்பா என்றதும் யூரோ வாங்குவது. சுவிஸில் பிராங்க். ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிக்கொள்ளும் கார்டு) யூரோவை ஏற்றிவிட்டு அங்கே பிராங்கில் தேய்த்தால் மாற்றுக் கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள். பிராங்கே ஏற்றுங்கள், கிளம்புவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் மூன்று தடவையாக, ஒரே நாள் விலையில் மாட்டாமல் இருக்கும். சாதாரண கிரெடிட் கார்டில் 3.5 சதவீதம் மார்க்கப், அதன் மேல் ஜிஎஸ்டி என்று 4.13 சதவீதம் போகும், அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் மெஷின் ரூபாயிலா பிராங்கிலா என்று கேட்டால், எந்தக் கார்டாக இருந்தாலும் பிராங்க் என்று அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் விலையை அவர்கள் நிர்ணயிப்பார்கள். ரொக்கம் 150 பிராங்க் போதும், அதில் மிஞ்சும் நோட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாம். சில்லறைக் காசை மாற்ற முடியாது, அங்கே 5 பிராங்க் வரை நாணயமாகத்தான் புழங்குகிறது, பையில் 5 பிராங்க் நாணயம் நாலைந்து கிடந்தாலே 2,000 ரூபாய்க்கு மேல். கிளம்பும் நாளில் ஸ்டேஷன் கடையிலேயே அதையெல்லாம் கொட்டி மகளுக்குச் சாக்லேட் வாங்கிவிடுங்கள்.