குளக்கட்டும் பசுமை நிதியும் – கடிதம்

அன்பின் அண்ணனுக்கு,

மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கடந்த மாரியில் எங்கள் ஊர்ச் சிறு குளத்தின் கட்டு துருசடியில் (நீர் திறந்துவிடும் மதகடியில்) உடைந்து, கீழே வயலெல்லாம் மணல் மூடிவிட்டது. ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் கீழ் இயங்கும் பசுமைக் காலநிலை நிதியத்திடம் கேட்கலாம் என்று விவசாய அமைப்பு இளைஞர்கள் சேர்ந்து 62 பக்கத்தில் ஒரு திட்ட முன்மொழிவு எழுதியிருக்கிறோம். இணைத்துள்ளேன். இதை யாரிடம் கொடுப்பது? வயலில் நின்ற நீரிலிருந்து வரும் மெதேன் வாயுவைக் குறைத்தால், அந்தக் குறைப்பைக் காபன் கிரெடிட்டாக விற்றுக் காசு வரும் என்று ஒரு கம்பனிக்காரரும் படிவத்தோடு வந்து போகிறார். கையெழுத்து வைக்கலாமா? காலநிலையைக் கெடுத்தது பணக்கார நாடுகள். நாங்கள் ஏன் கையேந்த வேண்டும் என்று கோபமும் வருகிறது.

அன்புள்ள தம்பி,

கோபம் நியாயமானது. 2020க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் டொலர் என்று 2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் வாக்குக் கொடுத்தவர்கள், 2022இல்தான் அந்தத் தொகையை எட்டினார்கள். அதிலும் அரசுகள் வழியாக வந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன். குளத்து நீரில் விளையும் நெல்லுக்கு விலை ரூபாவில், கடனுக்குத் தவணை டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, புதிதாக ஒரு சதம் வாங்காமலே பழைய கடன் முக்கால் மடங்கு பருத்தது. இது உங்களுக்கும் தெரியும், விடுவோம்.

விண்ணப்பம் பற்றி. ஊர் அமைப்பு நேரே போக முடியாது. நிதியத்தின் அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனம் கொண்டுபோக வேண்டும், அதற்குச் சுற்றாடல் அமைச்சின் ஆட்சேபனையில்லைக் கடிதமும் வேண்டும். அவர்கள் கணக்கில் 'மிகச் சிறிய' திட்டம் என்பதே 10 மில்லியன் டொலர் வரை. 2016இல் நம் நாட்டுக்கு ஒப்புதலான குளத்தொடர்த் (ஒன்றின் நீர் அடுத்ததில் விழும் குளங்களின்) திட்டத்துக்கு நிதியம் கொடுத்தது 38 மில்லியன். அது மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயாப் படுகைகளுக்குப் போனது. உங்கள் குளம் தனியாகப் போகாது. முந்தனையாற்றுக்கோ வேறொரு படுகைக்கோ ஒரு திட்டம் வந்தால் அதில் ஒரு வரியாகப் போகும்.

இனி உங்களைக் கொஞ்சம் ஏச வேண்டும்.

62 பக்கத்தையும் வாசித்தேன். 'மீள்தாங்குதிறன்' 41 இடத்தில் வருகிறது. குளக்கட்டின் உயரம் ஓரிடத்திலும் இல்லை. மேலகலம் இல்லை. உடைவதற்கு முன் துருசடியில் கசிவு இருந்ததா, கசிந்த நீர் தெளிவா கலங்கலா என்று ஒரு வரி இல்லை. முழுக் கதையும் அந்தக் கலங்கலில்தான் இருக்கிறது, தம்பி.

மண்கட்டு என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாகக் கசிந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் கட்டுக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது என்று பொருள். உள்ளே ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது. அது பெரும்பாலும் துருசின் கொங்கிறீட்டை ஒட்டியே வரும், ஏனென்றால் அந்த இடத்தில் மண்ணை இறுக்க உருளையால் நெருங்க முடியாது, கைத்திமிசுதான் வேண்டும், அதற்கு ஒருவருக்கும் பொறுமை இல்லை. இல்லையென்றால் கட்டில் வளர்ந்த மரத்தைத் தறித்துவிட்டு வேரை உள்ளே உக்க விட்டிருப்பார்கள். எலிவளை, உடும்புவளை, கறையான் புற்று எல்லாம் அதே வேலையைச் செய்யும். கலங்கல் வரும் வாயைச் சாக்கால் அடைப்பதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய பிழை. அடைத்தால் நீர் வேறு வழி தேடி இன்னும் பெரிதாக உடைக்கும். முதலில் மணல், அதன்மேல் சல்லி, அதன்மேல் பாரக் கல். நீர் வெளியேறட்டும், மண் மட்டும் நிற்கட்டும்.

உடைந்ததைத் திருத்தும் விதமும் அப்படித்தான். பழைய கட்டைப் படிபடியாக வெட்டி, புது மண்ணை அதில் கோத்து, இறுகிய பின் 6 அங்குலம் நிற்கும்படி அடுக்கடுக்காகப் போட வேண்டும். மண்ணைக் கைக்குள் பிடித்தால் உருண்டையாக நிற்கிற அளவு ஈரம். மேலே அறுகு பதிக்க வேண்டும். பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து மண்ணைக் கொட்டி, அதன் வாளியாலேயே நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போனால் அது கட்டில்லை, மண்மேடு.

ஏன் அப்படித் தட்டிவிட்டுப் போகிறார்கள்? ஒப்பந்தக்காரன் கள்ளன் என்பீர்கள். சில இடத்தில் உண்மைதான். ஆனால் நாட்காட்டியைப் பாருங்கள். குளம் வற்றி, மண் வேலைக்கு வாகாக இருப்பது ஆகஸ்ட், செப்டெம்பர். ஒதுக்கீடு இறங்கி, ஒப்பந்தக்காரரிடம் கேள்விமனு கோரி, கையெழுத்தாகி வேலை தொடங்கும்போது ஒக்டோபர் பிறந்துவிடும். டிசெம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிவிடும். நவம்பரில் வாடை மழை கட்டின்மேல் நிற்கும். புயலைக் குறை சொல்லி அடுத்த திட்டம் எழுதப்படும்.

பழைய கட்டை உயர்த்த, புதுத் துருசு வைக்க எந்த நிதியத்திடமும் வாய் திறந்து கேட்கலாம். கதவின் திருகாணிக்குக் கிறீஸ் பூச, இறப்பர் மாற்ற, ஆண்டுக்கு இரண்டு முறை கட்டுப் பற்றை வெட்ட என்று கேட்டுப் பாருங்கள். திட்டம் முடிந்த பிறகு யார் பராமரிப்பார் என்று அவர்களே ஒரு அத்தியாயம் எழுதச் சொல்வார்கள், எல்லோரும் 'விவசாய அமைப்பு' என்று எழுதிக் கொடுப்பார்கள். நீங்களும் 57ஆம் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அமைப்பின் வங்கிப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதவில்லை. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும், அமைப்பும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தில் அங்கேதான் பதிவாகும். ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு இவ்வளவு என்று கூட்டத்தில் தீர்மானித்து அறவிட உங்களை யாரும் தடுக்கவில்லை.

அம்பாறையில் நடந்ததைக் கேளுங்கள். கல்லோயா இடதுகரைத் திட்டத்துக்கு அமெரிக்க உதவி வந்தது வாய்க்கால்களைப் புனரமைக்க. வாய்க்கால்கள் ஆண்டுக்கணக்கில் தூர்வாராமல் கிடந்தன. தலைப்பில் சிங்களக் குடியேற்றம், கடைசியில் தமிழ் பேசும் ஊர்கள், கடைசிக்குத் தண்ணீர் எட்டாது. அந்தத் திட்டத்தின் நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தில் நீர் குறைந்திருந்த 1981இல், கொழும்புக் கமநல ஆராய்ச்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து படித்த இளைஞர்களை வயலுக்குள் இறக்கின. கொங்கிறீட்டு வேலை ஒழுங்காகத் தொடங்குவதற்கு முன்பே விவசாயிகள் சிரமதானத்தில் வாய்க்காலை வெட்டி, முறைவைத்து நீர் பாய்ச்சி, மிஞ்சியதைக் கடைசிக்கு விட்டார்கள். செலவு மண்வெட்டியும் கூட்டமும்.

காபன் கிரெடிட்டும் இதில்தான் வந்து முட்டும். வயலில் 30 சென்ரிமீற்றர் துளைக்குழாய் புதைத்து, நீர் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவது மெதேனைக் குறைக்க நல்ல முறை. பூக்கும் நேரத்தில் மட்டும் காய விடக்கூடாது. ஆனால் பெரும்போகத்தில் வானம் ஊற்றும்போது எதைக் காய விடுவீர்கள்? சிறுபோகத்தில்தான் முடியும், அதுவும் கேட்ட நாளில் வாய்க்காலில் நீர் வந்தால். ஹெக்டேயருக்கு 2 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயு மிச்சம், தொன் 10 டொலர் என்று தாராளமாக வைத்தாலும் ஏக்கருக்கு 8 டொலர், அதில் கம்பனிப் பங்கும் சரிபார்ப்புச் செலவும் போகும். 2024இல் காபன் கிரெடிட்டுக்குச் சான்று வழங்கும் வெரா நிறுவனம் சீனாவின் 37 நெல் திட்டங்களை ஒரே வீச்சில் தள்ளுபடி செய்தது. கிரெடிட் யாருக்குச் சொந்தம், எத்தனை ஆண்டு, குத்தகைக்குச் செய்பவருக்கு என்ன என்று படிவத்தில் தெளிவாக இல்லாவிட்டால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

62 பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நாடாவும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கட்டுக்குப் போங்கள். உயரம், மேலகலம், உடைப்பின் நீளம், துருசின் எந்தப் பக்கம், வெட்டு முகத்தில் வேர் தெரிகிறதா. ஒரு பக்கம் போதும். அதைக் கமநல சேவை நிலையத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி எனக்கும் அனுப்புங்கள். ஓகஸ்டுக்கு முன்.