பாட்டைக் கேட்காத விருந்தாளி

அன்புள்ள ஐயா,
என் மகனுக்குப் பதினைந்து வயது. எம்ஆர்டி ரயிலில் ஏறினால் இறங்கும்வரை காதில் ஹிப்ஹாப்தான். எல்லாக் குரலும் இயந்திரக் குரலாக இருக்கிறது. குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருள் வந்த பிறகு பாடத் தெரியாதவர்களெல்லாம் பாடகர்களாகிவிட்டார்கள். போதாக்குறைக்கு ஒரே பாட்டில் நாலு பேர் வந்து போகிறார்கள். கர்நாடக சங்கீத வகுப்பில் சேர்த்தால் இந்த ரசனை மாறுமா?
ஒரு வாசகி, யீஷுன்

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஒன்றுக்கு மருந்தாக இன்னொன்றைக் கொடுக்காதீர்கள். பிள்ளை இரண்டையும் வெறுப்பான்.

'பாடத் தெரியாதவர்கள்' என்பது கேட்டுப் பார்க்காமல் சொல்கிற பேச்சு. ஆட்டோட்யூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், எண்ணெய் தேடுவதற்காக நிலத்தடி அதிர்வுகளை ஆராய்ந்தவர். 1997-இல் அது வந்தபோது, விலகிய சுருதியைக் காதும் காதும் வைத்தாற்போலத் திருத்துவதுதான் நோக்கம். மறுவருடமே அமெரிக்கப் பாடகி ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டில் திருத்தும் வேகத்தை முழுக்க முடுக்கிவிட்டார்கள். குரல் வழுக்கிப் போகாமல் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவியது. அந்தத் தாவலைத் தன் அடையாளமாக்கிக்கொண்ட பாடகர் டி-பெயின், 2014-இல் என்பிஆர் என்கிற அமெரிக்க வானொலியின் நிகழ்ச்சியில் ஒரு கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தத் திருத்தமும் இல்லாமல் பாடினார். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். தாயை இழந்த மறுவருடம் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் ஒரு ஆல்பம் முழுக்க அந்த உலோகக் குரலில்தான் பாடினார். துக்கம் அதில் இன்னும் தனியாகக் கேட்கிறது. இன்னொரு ராப் பாடகர் ஜே-சி 2009-இல் ஆட்டோட்யூனுக்குச் சாவு அறிவிப்பே பாடிப் பார்த்தார். அது செத்தபாடில்லை.

அதை விடுங்கள். போகிறபோக்கில் அந்த நாலு பேரைச் சொன்னீர்களே, என்னை உறுத்துவது அதுதான்.

என் அக்கா மகன் நண்பர்களோடு சேர்ந்து தமிழில் ராப் செய்கிறவன். அவன் பாட்டியைப் பற்றி, அதாவது என் அம்மாவைப் பற்றி, ஒரு பாட்டு எழுதினான். தேக்கா பக்கம் பஃப்ளோ ரோட்டில் அம்மா பூக் கட்டிய காலத்தைப் பார்க்காத பையன் அவன். ஆனாலும் நாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, பேச்சை விடாமல் அம்மா முடிச்சுப் போடுவதை அப்படியே வரியில் கொண்டுவந்துவிட்டான். கேட்டு அழுதேன்.

அப்புறம் விருந்தாளி வந்தார். அடுத்தவர் பாட்டில் ஒரு பகுதியை மட்டும் பாட வருகிறவரைத்தான் சொல்கிறேன். ஜொகூர் பாருவில் கொஞ்சம் பேர் வாங்கிய தம்பி. 16 பார், அதாவது ஏறக்குறைய பதினாறு வரி, எழுதிப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அத்தனையும் அவருடைய கார்! பாட்டி பூச்சரத்தை அறுத்துக் கொடுக்க, இவர் கார்க் கதவைத் திறக்கிறார். "என்னடா இது?" என்றேன். "அவர் பேர் இருந்தாதான் மாமா அவரோட ஆளுங்களும் கேப்பாங்க" என்றான். கணக்கு சரிதான், பாட்டு இரண்டு பேருடைய இணையப் பக்கத்திலும் வந்து நிற்கும். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காரு யாருதுப்பா?" என்றார்.

வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுகிறவர்கூடக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போடுவார். இந்த மாதிரி விருந்தாளிகள் பாட்டையே கேட்பதில்லை. கேட்டுப் பாடினால் எப்படியிருக்கும் என்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். 2010-இல் 'மான்ஸ்டர்' பாட்டுக்கு விருந்தாளியாக வந்த ராப் பாடகி நிக்கி மினாஜ், கான்யேயும் ஜே-சியும் இருந்த அந்தப் பாட்டையே தன்னுடையதாக்கிக்கொண்டு போனார். அதே வருடம் 'எந்திரன்' படத்தில் நம் சிங்கப்பூர் லேடி காஷும் கிரிஸ்ஸியும் பாடிய ராப், காதலிக்கத் துடிக்கும் ரோபோவுக்கு நேருக்கு நேர் கொடுக்கிற பதில். அந்த வரிகளைக் கொண்டுபோய் வேறு பாட்டில் ஒட்ட முடியாது.

உங்கள் மகனிடம் இதைக் கேளுங்கள்: அந்த நாலு பேரில் யார் பாட்டைக் கேட்டுவிட்டு வந்தவர், யார் கார் ஓட்ட வந்தவர்? டக்கென்று சொல்வான். வகுப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.