3 வரி ஃபிக்ஸுக்கு 400 வரி டிஃப் வந்த விஷயம்

வணக்கம் ப்ரோ, 3 வரி பக் ஃபிக்ஸ் பண்ணப் போய் எடிட்டர் ஃபைல் முழுக்க டேப்ஸை ஸ்பேஸா மாத்தி 400 வரி டிஃப் (பழைய கோடுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம்) ஆயிடுச்சு, சீனியர் ரிவ்யூ பண்ணாம திருப்பி அனுப்பிட்டாருன்னு எழுதியிருந்தீங்க. பைத்தானோட ஸ்டைல் கைடான பெப் 8 (PEP 8) படி தானே பண்ணேன்னு நீங்க கேக்குறது புரியுது, ஆனா அதே பெப் 8லயே ஆரம்பத்துல ப்ராஜெக்ட்குள்ள ஒரே மாதிரி இருக்கறது தான் இந்த கைடை விட முக்கியம்னு போட்டிருக்கு, அதை நிறைய பேர் தாண்டிப் போயிடுறாங்க.

இப்போதைக்கு அந்த 3 வரியை மட்டும் தனி கமிட்டா (கிட்ல ஒரு தடவை பதிவு பண்ற மாற்றம்) அனுப்புங்க. ஃபார்மேட்டிங் வேணும்னா டீம்ல பேசி பிளாக் (Black) மாதிரி கோடை தானா ஒழுங்குபடுத்துற ஒரு டூலை முடிவு பண்ணி (அது ஒரு வரிக்கு 88 எழுத்து வரைக்கும் விடும், பெப் 8ல 79) எல்லா ஃபைலையும் ஒரே கமிட்ல மாத்துங்க, லாஜிக்ல கை வைக்காம. அந்த கமிட்டோட ஹேஷை (அதோட அடையாள எண்) ஒரு ஃபைல்ல போட்டு, அந்த ஃபைலை கிட்டுக்கு சொல்லி வெச்சா, ஒவ்வொரு வரியையும் கடைசியா யாரு மாத்தினாங்கன்னு காட்டுற கிட் பிளேம் அந்த கமிட்டைத் தாண்டிப் பாக்கும், 2019ல வந்த கிட் 2.23ல இருந்தே இந்த வசதி இருக்கு, அப்புறம் யாரு எந்த வரியை எழுதினாங்கன்னு வரலாறு அழியாது.

இன்னொன்னு, ஸ்பேஸை விட பேரு தான் ஆளை வாட்டும். நான் ஒரு தடவை பில்லிங் கோட்ல வேரியபிளுக்கு சின்ன எல் மட்டும் வெச்சிருந்ததை நம்பர் ஒன்னுன்னு படிச்சு அரை நாள் தேடினேன், பெப் 8 அந்த ஒத்தை எழுத்தை வைக்கவே கூடாதுங்குது. உங்க டீம்ல முதல்ல அதைப் பேசுங்க.