இத்தாலியர்கள் பழைய ரோமானியர்களின் வாரிசுகள்தானா? அவர்களுடைய பண்பாடு ஒரே பண்பாடா?

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே வரியில் பதில் சொல்ல இயலாது. இத்தாலியின் பொலோனியாவில் மேற்படிப்பு படித்த காலத்தில் வடக்கின் பெர்காமோ, தெற்கின் பாரி, சார்டீனியத் தீவின் காலியாரி ஆகிய ஊர்களிலிருந்து வந்த மாணவர்களுடன் ஒரே வீட்டில் வசித்தேன். அந்நாட்டு வரலாற்றை இன்றும் தொடர்ந்து வாசித்து வருகிறேன். இவ்விரண்டின் அடிப்படையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: இத்தாலியில் முதலில் உருவானவை நகரங்கள், நாடு என்பது அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்தது. அம்மக்களின் அரசியல், மொழி, சமையல், பக்தி, பகை ஆகிய அனைத்திலும் இந்த முன்பின் வரிசையின் தடம் இருக்கிறது.

முதலில் ரோமானியர் விஷயம். ரோம் தலையெடுப்பதற்கு முன்பே அந்தத் தீபகற்பத்தின் நடுப்பகுதியில் எட்ரஸ்கர்களும், தெற்குக் கரையோரத்திலும் சிசிலியிலும் கிரேக்கக் குடியேறிகளும், மலைப்பகுதிகளில் சாம்னைட் முதலான குடிகளும், வடக்குச் சமவெளியில் கெல்ட்டுகளும் வாழ்ந்தனர். கி.மு. 91இல், ரோமுக்காகப் போரிட்டும் ரோமானியக் குடியுரிமை மறுக்கப்பட்ட நேச நாட்டு மக்கள் கிளர்ந்தெழுந்து, கோர்ஃபீனியம் என்னும் ஊரைத் தலைநகராக்கித் தங்களுக்கென நாணயம் அச்சிட்டார்கள். அந்நாணயங்களில் 'இத்தாலியா' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் சிலவற்றில், ரோமின் சின்னமான ஓநாயை ஒரு காளை குத்திக் கிழிக்கும் உருவமும் உண்டு. ஆக, இத்தாலி என்பது ஓர் அரசியல் பெயராக எழுந்ததே ரோமுக்கு எதிராகத்தான். போர்க்களத்தில் ரோம் வென்றாலும், கேட்ட குடியுரிமையைக் கொடுத்துத்தான் அந்தக் கிளர்ச்சியை முடிவுக்குக் கொண்டுவர முடிந்தது.

476இல் மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்தபின் வந்தவர்களின் பட்டியல் நீளமானது. ஆஸ்ட்ரோகோத்துகள் வந்தார்கள், 568இல் லொம்பார்டுகள் வந்தார்கள், ரவென்னாவையும் தெற்கின் சில பகுதிகளையும் கிழக்கு ரோமப் பேரரசினரான பைசாந்தியர்கள் ஆண்டார்கள், 827இல் அரேபியர்கள் சிசிலியில் இறங்கினார்கள், அவர்களிடமிருந்து நார்மன்கள் அத்தீவைக் கைப்பற்றினார்கள். 1130இல் பலேர்மோவில் முடிசூடிய இரண்டாம் ரோஜர் என்ற நார்மன் மன்னரின் அரசவை லத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்று மொழிகளிலும் ஆணைகளை வெளியிட்டது. இத்தனை கலப்புக்குப் பிறகு ரத்த வாரிசு என்ற பேச்சுக்கு அதிகப் பொருள் இல்லை. சட்டம், சாலை, லத்தீன் மொழி, நகர வாழ்க்கை, பின்னர் திருச்சபை ஆகியவற்றின் வழியாக வந்த தொடர்ச்சி மட்டும் உண்மையானது. அந்தத் தொடர்ச்சியிலும் நகரத்துக்கே முதலிடம்.

11, 12ஆம் நூற்றாண்டுகளில் வடக்கிலும் நடுப்பகுதியிலும் இருந்த நகரங்கள் திருச்சபையின் ஆயர்களிடமிருந்தும் பிரபுக்களிடமிருந்தும் அதிகாரத்தைப் பறித்துத் தம்மைத் தாமே ஆளத் தொடங்கின. ஜெர்மானியப் பேரரசர் பிரெட்ரிக் பார்பரோசா அவற்றை அடக்க முயன்றபோது, லொம்பார்டு கூட்டணி என்ற பெயரில் ஒன்றுசேர்ந்த நகரங்கள் 1176இல் லெஞானோவில் அவரைத் தோற்கடித்து, 1183இல் கான்ஸ்டன்ஸ் உடன்படிக்கை மூலம் தன்னாட்சி உரிமையை எழுதி வாங்கிக்கொண்டன. வெனிஸும் ஜெனோவாவும் கடல் வணிகத்தால் செழித்தன. புளோரன்ஸ் 1252இல் வெளியிட்ட ஃப்ளோரின் என்ற தங்க நாணயம் ஐரோப்பா முழுவதும் செல்லுபடியாகியது. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி லூக்கா பாச்சோலி எழுதிய நூல் 1494இல் வெனிஸில் அச்சாயிற்று. இன்றும் நம் வணிகவியல் மாணவர்கள் பற்று, வரவு என்று படிப்பது அவர் தொகுத்துத் தந்த வணிகர் வழக்கத்தையே.

இந்த நகரங்கள் ஒன்றையொன்று நேசிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1260இல் மோந்தபேர்த்தி என்ற இடத்தில் சியனாவின் படை புளோரன்ஸின் படையை நொறுக்கியது. அந்த வெற்றியைச் சியனாக்காரர்கள் நேற்று நடந்ததைப் போல இன்றும் குறிப்பிடுவார்கள். வெளியூர்ப் பகைக்கு இணையாக உள்ளூர்ப் பகையும் அங்கே உண்டு. சியனா 17 பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கொடி, தனி வழிபாட்டிடம், தனி அருங்காட்சியகம், அந்தப் பேட்டையின் குழந்தைகளுக்குச் சடங்கு செய்து உறுப்பினராக்கும் தனி நீரூற்று ஆகியவை இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜூலை 2ஆம் தேதியும் ஆகஸ்ட் 16ஆம் தேதியும் நகரின் நடுச் சதுக்கத்தில் நடைபெறும் பாலியோ குதிரைப் பந்தயத்தில் ஒரு முறைக்குப் பத்துப் பேட்டைகள் மட்டுமே ஓட முடியும். குதிரைகள் சீட்டுக் குலுக்கி ஒதுக்கப்படுகின்றன. பந்தயத்துக்கு முன் குதிரையைப் பேட்டையின் கோவிலுக்குள் அழைத்துச் சென்று ஆசீர்வதிக்கிறார்கள். மூன்று சுற்றும் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஓட்டுநர் விழுந்துவிட்டாலும் முதலில் வரும் குதிரை வெற்றி பெற்றதாகவே கொள்ளப்படும். வெவ்வேறு பேட்டைகளைச் சேர்ந்த கணவனும் மனைவியும் அந்த நாட்களில் அவரவர் பிறந்த பேட்டைக்குப் போய்விடுவது அங்கு யாருக்கும் வியப்பளிப்பதில்லை. சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்படும் காட்சி என்று இதை எண்ணுவோர் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. பார்க்க ஒருவரும் வராவிட்டாலும் அவர்கள் இதை நடத்துவார்கள்.

1494இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் படையெடுத்து வந்தபோது இந்த ஒற்றுமையின்மைக்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1527இல் ரோம் சூறையாடப்பட்டது. 1559க்குப் பின் மிலானும் நேப்பிள்ஸும் சிசிலியும் ஸ்பெயினின் ஆட்சியில் நிலைத்தன. மிச்சமிருந்தவை சிற்றரசுகளாகவும் போப்பின் நிலங்களாகவும் சில குடியரசுகளாகவும் சிதறிக் கிடந்தன. நாம் வீரமாமுனிவர் என்று போற்றும் பெஸ்கி 1680இல் பிறந்த காஸ்திலியோனே அத்தகைய சிற்றரசுகளுள் ஒன்று. கொன்சாகா குடும்பத்தின் ஒரு கிளை அதை ஆண்டுவந்தது. அவரை 'இத்தாலி நாட்டவர்' என்று நம் பாடநூல்கள் எழுதுகின்றன. அவர் வாழ்ந்த காலத்தில் அப்படி ஒரு நாடு வரைபடத்தில் இல்லை.

நாடு இல்லாத அந்த நூற்றாண்டுகளில் இத்தாலியர் என்ற உணர்வைக் காத்தது பெரும்பாலும் எழுத்து மொழிதான். கவிஞர் தாந்தே 1302இல் புளோரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்டார். தம் காவியத்தை லத்தீனில் எழுதாமல் தம் ஊர்ப் பேச்சு மொழியில் எழுதினார். ஊர் திரும்பாமலேயே 1321இல் ரவென்னாவில் இறந்தார். அவருடைய எலும்புகளைப் புளோரன்ஸ் பலமுறை கேட்டும் ரவென்னா கொடுக்கவில்லை. 1519இல் புளோரன்ஸின் மெதிச்சி குடும்பத்தைச் சேர்ந்த போப்பின் அனுமதியோடு வந்தவர்கள் கல்லறையைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லை. பிரான்சிஸ்கன் துறவிகள் எலும்புகளை அதற்குள் எடுத்து மறைத்துவிட்டிருந்தார்கள். அவை 1865இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. புளோரன்ஸின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் தாந்தேவுக்குக் கட்டிய நினைவிடம் இன்றும் வெறுமையாகவே உள்ளது. ரவென்னாக் கல்லறையில் எரியும் விளக்குக்கான எண்ணெயை ஆண்டுதோறும் செப்டம்பரில் புளோரன்ஸ் அனுப்பிவைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இத்தாலியக் கதை இதுவே.

தாந்தே, பெத்ரார்க்கா, பொக்காச்சோ ஆகியோரின் மொழியான, புளோரன்ஸ் அமைந்த தஸ்கனிப் பகுதியின் மொழி பின்னர் எல்லாப் பகுதியினருக்கும் இலக்கிய மொழியாயிற்று. 1583இல் புளோரன்ஸில் தொடங்கப்பட்ட குருஸ்கா அகாதமி 1612இல் அதற்கு ஒரு பேரகராதியை வெளியிட்டது. மிலானில் பிறந்த மன்சோனி, தம் புகழ்பெற்ற நாவலை வெளியிட்ட பிறகும் மனநிறைவு கொள்ளாமல், புளோரன்ஸின் வாழும் பேச்சுக்கு ஏற்ப அதை வரி வரியாகத் திருத்தி 1840இல் மீண்டும் வெளியிடத் தொடங்கினார். இவையெல்லாம் படித்தவர்களின் உலகத்துக்கு உட்பட்டவை. 1861இல் இத்தாலி ஒரே அரசானபோது மக்களில் நான்கில் மூன்று பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பொது மொழியைப் பேசக்கூடியவர்கள் 2.5 சதவீதம் என்று ஓர் அறிஞரும், ஏறத்தாழ 10 சதவீதம் என்று மற்றொருவரும் கணக்கிட்டிருக்கிறார்கள். எஞ்சியோர் நேப்பிள்ஸ் மொழி, வெனிஸ் மொழி, சிசிலி மொழி, பியெமோந்தே மொழி என்று தத்தம் ஊர் மொழியையே பேசினர். பள்ளியும் கட்டாய ராணுவ சேவையும் உள்நாட்டு இடப்பெயர்வும் நிலைமையை மெல்ல மாற்றின. 1954 ஜனவரியில் தொடங்கிய தொலைக்காட்சி அதை விரைவாக மாற்றியது. அல்பெர்த்தோ மான்சி என்ற ஆசிரியர் 1960 முதல் 1968 வரை பெரிய காகிதத் தாள்களும் கரித்துண்டுமாகத் தொலைக்காட்சியில் தோன்றி, பெரியவர்களுக்கு எழுத்தறிவித்தார்.

ஒருங்கிணைப்பு மேலிருந்து நடந்தது என்பதற்கு ஒரு சிறு சான்று போதும்: புதிய நாட்டின் முதல் மன்னர் தம்மை முதலாம் விக்டர் இம்மானுவேல் என்று அழைத்துக்கொள்ளாமல், தம் பழைய சார்டீனிய அரசின் வரிசைப்படி 'இரண்டாம்' என்பதையே வைத்துக்கொண்டார். வெனிஸ் 1866இலும் ரோம் 1870இலும்தான் சேர்ந்தன. நாட்டை ஒன்றிணைக்கப் போரிட்ட கரிபால்டியின் தன்னார்வப் படையை 1860இல் வரவேற்ற தெற்கு, அடுத்த சில ஆண்டுகளிலேயே வரியாலும் கட்டாயப் படைச் சேர்ப்பாலும் கசந்துபோனது. அங்கே மூண்ட கிளர்ச்சியை அடக்கப் பெரும் படை தேவைப்பட்டது. பிறகு மக்கள் கப்பலேறினார்கள். 1876 முதல் 1915 வரை ஏறத்தாழ 1.4 கோடிப் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். தெற்கின் கலாபிரியாக்காரரும் வடக்கின் ஜெனோவாக்காரரும் 'இத்தாலியர்' என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டது நியூயார்க்கிலும் புவெனஸ் ஐரிஸிலும்தான் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. 1946 ஜூன் 2இல் மன்னராட்சியா குடியரசா என்று வாக்கெடுத்தபோதும் நாடு இரண்டாகவே நின்றது: மொத்தத்தில் 54 சதவீதத்தினர் குடியரசைத் தேர்ந்தெடுத்தனர், நேப்பிள்ஸ் பகுதியிலோ நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் மன்னரை ஆதரித்தனர்.

உணவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 'இத்தாலியச் சமையல்' என்பதும் இதே வழியில் பின்னாளில் ஒன்றுசேர்க்கப்பட்ட ஒன்றுதான். பலேர்மோவுக்கு அருகில் திரபியா என்ற ஊரில் பாஸ்தா போன்ற உலர்ந்த மாவுப் பண்டம் பெருமளவில் செய்யப்பட்டுக் கப்பல்களில் ஏற்றுமதியாவதை, இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்த புவியியலாளர் அல்-இத்ரீசி 1154இல் நிறைவு செய்த நூலில் பதிவு செய்திருக்கிறார். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. பாஸ்தாவோடு அது பரவலாகச் சேர்ந்ததோ 19ஆம் நூற்றாண்டில். வடக்கின் ஏழை விவசாயிகளுக்குப் பாஸ்தா அன்றாட உணவாக இருந்ததே இல்லை. மக்காச்சோளக் களியையே மூன்று வேளையும் தின்று, சத்துக் குறைவால் பெலாக்ரா நோய் கண்டு வெனெத்தோவிலும் லொம்பார்டியிலும் ஏராளமானோர் மடிந்தனர். 1891இல் பெல்லெக்ரீனோ அர்தூசி என்ற ஓய்வுபெற்ற வணிகர் தம் சொந்தச் செலவில் வெளியிட்ட சமையல் நூல், நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்கு ஒரு பொதுச் சமையலைக் கற்றுத் தந்தது. அதிலும் தெற்கின் பங்கு குறைவு. எங்கள் வீட்டில் பெர்காமோ நண்பர் வெண்ணெயில் சமைப்பதையும், பாரி நண்பர் அதைக் கண்டு முகம் சுளித்து ஆலிவ் எண்ணெய்ப் புட்டியை எடுத்து நீட்டுவதையும் நாள்தோறும் பார்த்தேன். அதே பாரி நண்பர், வெளிநாட்டவர் ஒருவர் பாஸ்தாவைக் குழைய விட்டபோது பெர்காமோக்காரரோடு சேர்ந்துகொண்டு கொதித்தெழுந்தார்.

பக்தியும் ஊர் சார்ந்ததே. மிலானில் புனித அம்புரோஸின் நாளான டிசம்பர் 7ஆம் தேதியும், நேப்பிள்ஸில் புனித ஜெனாரோவின் நாளான செப்டம்பர் 19ஆம் தேதியும், பொலோனியாவில் புனித பெத்ரோனியோவின் நாளான அக்டோபர் 4ஆம் தேதியும் அந்தந்த ஊர்களுக்கு மட்டும் விடுமுறை நாட்களாக இருந்து வந்தவை. பலேர்மோவின் காவலர் புனித ரொசாலியா. 1624இல் கொள்ளை நோய் தாக்கியபோது பெல்லெக்ரீனோ மலைக் குகையில் அவருடைய எலும்புகள் கிடைத்ததாகவும் அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்றதும் நோய் தணிந்ததாகவும் நம்புகிறார்கள். 1980கள் முதல் அந்நகரில் குடியேறிய ஈழத் தமிழர்களில் கத்தோலிக்கர்களோடு இந்துக்களும் அந்த மலைக்கோவிலுக்கு ஏறிச் சென்று நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள்.

யார் இத்தாலியர் என்ற உங்கள் கேள்வி இன்று நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் நடக்கும் வழக்காகவே இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1992ஆம் ஆண்டுச் சட்டம் ரத்த உறவை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி, கொள்ளுப்பாட்டனார் ஒருவர் கப்பலேறிப் போனதற்கு ஆவணம் காட்டக்கூடிய பிரேசில்காரர், இத்தாலியில் ஒரு நாள்கூட வாழாமல் குடியுரிமை பெற முடிந்தது. பலேர்மோவில் பிறந்து, சிசிலி மொழியில் சண்டையிட்டு வளரும் தமிழ்ப் பிள்ளையோ, பெற்றோர் குடியுரிமை பெறாதவரை, 18 வயது வரை அங்கேயே வசித்துப் பின்னர் விண்ணப்பிக்க வேண்டும். 2025இல் முதல் வழி பெற்றோர், பாட்டன் பாட்டி தலைமுறைகளோடு நிறுத்தப்பட்டது. குடியேறியவர்கள் விண்ணப்பிப்பதற்கான காத்திருப்பைப் பத்து ஆண்டுகளிலிருந்து ஐந்தாகக் குறைக்கக் கோரி அதே ஆண்டு ஜூனில் நடந்த வாக்கெடுப்பு, வாக்காளர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் மட்டுமே வந்ததால் செல்லாமல் போனது. பல குடிகளின் கலப்பாலும், ஊரின் மீதான பற்றாலும் உருவான ஒரு மக்கள் கூட்டம் தன்னை வரையறுக்க ரத்தத்தை அளவுகோலாக வைத்திருப்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. என்னோடு வசித்த மூவரில் இருவர் இதை ஏற்றனர், பெர்காமோக்காரர் ஏற்கவில்லை.