கேளுங்கள், பேராசிரியரே: குலிக் செய்தது இவ்வளவுதானா?

கேள்வி: யூ.பி.எஸ்.சி. தேர்வுக்குப் பொது நிர்வாகத்தை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். அமெரிக்க நிர்வாக அறிஞர் லூதர் குலிக் என்றாலே எல்லாப் புத்தகமும் 'போஸ்ட்கார்ப்' (நிர்வாகியின் ஏழு வேலைகளின் ஆங்கிலச் சுருக்கம்) என்று மட்டும்தான் சொல்கிறது. அதையும் இன்னொரு அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் தகர்த்துவிட்டாராமே! பிறகு குலிக்கை ஏன் படிக்க வேண்டும், சார்?
- ஒரு மாணவி, திண்டுக்கல்

பதில்: எரிச்சல் நியாயம்தான் அம்மா. திட்டமிடல், அமைத்தல், ஆளெடுத்தல், வழிநடத்தல், ஒருங்கிணைத்தல், அறிக்கை தருதல், வரவு செலவு என்று பிள்ளைகளை ஒப்பிக்க வைத்த வாத்தியார்களில் நானும் ஒருவன். அந்தப் பட்டியலில் புதுமையும் பெரிதாக இல்லை. பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் ஹென்றி ஃபயோலிடமிருந்து எடுத்து மாற்றியது என்று குலிக்கே எழுதியிருக்கிறார்.

அவர் அதை எதற்காக எழுதினார் என்பதுதான் சங்கதி. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1936-இல் பிரவுன்லோ, மெரியம், குலிக் மூவரையும் கொண்ட குழு ஒன்றை அரசு நிர்வாகத்தைச் சீரமைக்க அமைத்தார். அந்தக் குழுவுக்கான குறிப்பாகத்தான் இந்தப் பட்டியல் உள்ள குலிக்கின் கட்டுரை பிறந்தது. தலைமை நிர்வாகியின் வேலை என்ன? இந்த ஏழும். ஒரே ஆளால் முடியாவிட்டால்? ஏழில் சிலவற்றைத் தனித்தனி அலுவலகங்களாகப் பிரித்து அவர் கைக்குக் கீழேயே வைக்கலாம். 'அதிபருக்கு உதவி தேவை' என்றது குழுவின் அறிக்கை. அதைச் சட்டமாக்க வந்த முதல் மசோதா 1938-இல் தோற்றது. ரூஸ்வெல்ட் சர்வாதிகாரி ஆகப் பார்க்கிறார் என்று ஒரே கூச்சல். அடுத்த ஆண்டு சுருக்கப்பட்ட சட்டம் நிறைவேறி, அதிபரின் நிர்வாக அலுவலகம் உருவானது. கருவூலத் துறையிலிருந்த பட்ஜெட் பிரிவு அங்கே இடம் மாறியது. பட்டியலின் கடைசி வேலை நிஜமாகவே அதிபரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது!

சரி, சைமன்? 1946-இல் அவர் சொன்னது, நிர்வாகக் கோட்பாடுகள் பழமொழி மாதிரி என்பது. 'பதறாத காரியம் சிதறாது' என்போம், 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றும் சொல்வோம். எதை எப்போது கேட்பது? அடி பலமானதுதான். பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவர் சுகாதாரத் துறையா, கல்வித் துறையா? துறைகளைப் பிரிக்க நோக்கம், செயல்முறை, மக்கள், இடம் என்று குலிக் தந்த நான்கு அடிப்படைகள் இங்கே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஆனால் துறை பிரிக்க எல்லாவற்றிலும் சிறந்த ஒரே முறை எதுவும் இல்லை என்று குலிக்கும் ஒப்புக்கொண்டிருந்தார். சைமனைப் பாராட்டும் அவசரத்தில் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

விடைத்தாளில் ஏழு வேலைகளையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு, 1939-க்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள்.